வெள்ளம், புயல், போர்: நிவாரணத்துக்கு நீங்க கொடுக்கிற 5,000 ரூபாய் எங்கே போகணும்? எப்போ போகணும்?



ஒவ்வொரு புயலுக்கும், ஒவ்வொரு நிலச்சரிவுக்கும் அப்புறம் நம்ம சேனல் கமெண்ட்ல இதே மூணு கேள்விதான் வருது. "சார், ஆபீஸ்ல ஒரு நாள் சம்பளம் பிடிக்கப் போறாங்களாம், அதுக்கு டாக்ஸ் கிடைக்குமா?" "முதலமைச்சர் நிதிக்குக் கொடுக்கலாமா, தொண்டு நிறுவனத்துக்குக் கொடுக்கலாமா?" "வாட்ஸ்அப்ல ஒரு க்யூஆர் கோடு வந்துச்சு, அனுப்பலாமா?"

வீடியோல பத்து நிமிஷத்துல இதையெல்லாம் முழுசா சொல்ல முடியல. அதனால இங்க விரிவா எழுதுறேன். டாக்ஸ் விஷயம் கண்டிப்பா இருக்கு. ஆனா அதை மட்டும் பார்த்தா பாதிதான் பார்த்த மாதிரி. ஒரு குடும்பம் வீட்டையும் மாட்டையும் இழந்துட்டு நிக்கும்போது, அரசு எவ்வளவு கொடுக்குது, எவ்வளவு குறையுது, அந்தக் குறையை எப்போ நிரப்பணும்னு தெரிஞ்சாதான் உங்க 5,000 ரூபாய் உண்மையிலேயே வேலை செய்யும்.

முதல்ல, அரசு எவ்வளவு கொடுக்குது?

நம்ம நாட்டுல ஒவ்வொரு மாநிலத்துக்கும் மாநிலப் பேரிடர் நிவாரண நிதின்னு ஒண்ணு இருக்கு. தமிழ்நாடு மாதிரி மாநிலங்கள்ல அதுல 75% மத்திய அரசு, 25% மாநில அரசு போடுது. வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு 90:10. இந்த நிதியிலிருந்து எதுக்கு எவ்வளவு கொடுக்கலாம்னு மத்திய உள்துறை ஒரு பட்டியல் போட்டிருக்கு. 2022-23 முதல் 2025-26 வரைக்குமான பட்டியல்ல சில வரிகளைப் பாருங்க:

- உயிரிழப்புக்கு: 4 லட்சம் ரூபாய்
- வீடு முழுசா இடிஞ்சா: சமவெளியில 1.20 லட்சம், மலைப்பகுதியில 1.30 லட்சம்
- கறவை மாடு அல்லது எருமை செத்துப்போனா: 37,500 ரூபாய்
- மானாவாரிப் பயிர்: ஹெக்டேருக்கு 8,500 ரூபாய், அதுவும் 2 ஹெக்டேர் வரைக்கும்தான்
- வீடே அடிச்சுக்கிட்டுப் போன குடும்பத்துக்கு: துணிமணிக்கு 2,500, பாத்திரம் பண்டத்துக்கு 2,500

மாநில அரசுகள் சொந்தப் பணத்துல இதுக்கு மேல கொடுக்கலாம், கொடுக்கவும் செய்றாங்க. ஆனா அடிப்படை இதுதான்.

இப்போ கணக்குப் போடுங்க. 1.20 லட்சத்துல இன்னிக்கு ஒரு வீடு கட்ட முடியுமா? அஸ்திவாரம் தாண்டுமா? 2,500 ரூபாயில ஒரு குடும்பத்துக்குக் குக்கர், அடுப்பு, தட்டு, டம்ளர் எல்லாம் வாங்க முடியுமா? அரசைக் குறை சொல்றதுக்காக இதைச் சொல்லல. இந்த நிதியோட பேரே நிவாரண நிதி. நஷ்ட ஈடு கொடுக்கிறது இதோட நோக்கமே கிடையாது. விழுந்தவங்க எழுந்து உட்கார உதவும், ஆனா பழையபடி நடக்க இது போதாது. அந்த இடைவெளியைத்தான் முதலமைச்சர் நிதி, தொண்டு நிறுவனங்கள், சொந்தக்காரங்க, கடைசியில வட்டிக்கடை நிரப்புது. நாம கொடுக்காத இடத்துல வட்டிக்கடைக்காரர் கொடுப்பார், அதுதான் நிஜம்.

போர், கலவரம்னா பட்டியலே கிடையாது

மேல சொன்ன பட்டியல் புயல், வெள்ளம், வறட்சி, நிலநடுக்கம், தீ, சுனாமி, நிலச்சரிவு மாதிரி அறிவிக்கப்பட்ட பேரிடர்களுக்குத்தான். மனுஷங்க மனுஷங்களால வீட்டை விட்டு ஓட வேண்டி வந்தா அது இந்தப் பட்டியல்ல வராது. மணிப்பூர்ல 2023 மே 3-ம் தேதி கலவரம் தொடங்குச்சு. ஏறக்குறைய 60,000 பேர் வீட்டை விட்டு வெளியேறினாங்க. அவங்கள்ல பெரும்பகுதி வருஷக்கணக்கா முகாம்லயே இருக்க வேண்டியதாச்சு. இவங்களுக்கு ஒவ்வொண்ணுக்கும் அரசு தனித்தனியா உத்தரவு போட்டுத்தான் பணம் ஒதுக்கணும்.

பொதுமக்கள் நன்கொடையும் அப்படித்தான். புயல்னா உடனே பணம் குவியும். கலவரம்னா "இதுல யார் பக்கம் நியாயம்?"னு யோசிக்க ஆரம்பிச்சுடுவோம். முகாம்ல இருக்கிற குழந்தைக்கு அந்த வாதத்துல எந்தப் பங்கும் இல்ல.

நம்ம ஊர் உதாரணமே இருக்கு. 1983-க்கு அப்புறம் இலங்கையிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தவங்க முகாம்கள்ல தங்கினாங்க. அந்த முகாம்களுக்கு "மறுவாழ்வு முகாம்"னு பேர் மாத்தினது 2021-ல. அந்த வருஷம் தமிழ்நாடு அரசு அறிவிச்ச 317 கோடி ரூபாய் திட்டத்துல, பழுதான 7,469 வீடுகளைப் புதுசா கட்டித் தர்றதும் ஒண்ணு. 1983-க்கும் 2021-க்கும் நடுவுல 38 வருஷம். 'மறுவாழ்வு'ங்கிற வார்த்தை எவ்வளவு நீளமானதுன்னு இதுல புரியும்.

பணம் வர்ற வேகமும் தேவை இருக்கிற வேகமும்

பேரிடருக்கு அப்புறம் தேவை மூணு கட்டமா வரும்.

முதல் கட்டம், சில நாள்ல இருந்து சில வாரம்: மீட்பு, சாப்பாடு, தண்ணி, மருந்து, தங்க இடம்.

ரெண்டாவது கட்டம், சில மாசம்: வீட்டைச் சுத்தம் பண்றது, பிள்ளைங்க ஸ்கூலுக்குத் திரும்பறது, தொழிலுக்கான சாமான் வாங்கறது, தொலைஞ்ச ஆதார், ரேஷன் கார்டு, பத்திரம் எல்லாம் திரும்ப எடுக்கிறது.

மூணாவது கட்டம், வருஷக்கணக்கு: வீடு, நிலம், நிரந்தர வருமானம்.

நம்ம பணம் எப்போ வருது? டிவில அந்தச் செய்தி ஓடுற வரைக்கும். அதாவது முதல் ரெண்டு வாரம். மூணாவது கட்டம் வர்றப்போ எல்லாரும் அடுத்த செய்திக்குப் போயிருப்போம்.

2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்துச்சு. பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னை மரங்கள் லட்சக்கணக்குல சாஞ்சுது. புதுசா வெச்ச தென்னம்பிள்ளை காய்க்கக் குறைஞ்சது நாலஞ்சு வருஷம் ஆகும். அந்த நாலஞ்சு வருஷம் அந்தக் குடும்பம் எதை வெச்சுச் சாப்பிடும்? அரிசி மூட்டை வந்த லாரி எல்லாம் டிசம்பரோட நின்னிருக்கும்.

வயநாடு நிலச்சரிவு 2024 ஜூலை 30. வீடு இழந்தவங்களுக்குக் கல்பெட்டாவுல எல்ஸ்டன் எஸ்டேட்ல நகரியம் கட்ட அடிக்கல் நாட்டினது 2025 மார்ச் 27. நிலம் எடுக்கிறது, கோர்ட் கேஸ், பயனாளிகள் பட்டியல் எல்லாம் தாண்டி அடிக்கல்லுக்கே எட்டு மாசம். கட்டுமானம் அதுக்கு அப்புறம்தான். அதுவரைக்கும் வாடகை வீட்டுலதான் இருக்கணும்.

ஒரே இடத்துல பணம் குவியறதும் ஒரு பிரச்சனை. 2004 டிசம்பர் சுனாமிக்கு அப்புறம் உலகம் முழுக்க நன்கொடை கொட்டுச்சு. 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பு சில நாள்லயே, "சுனாமி வேலைக்குத் தேவையான பணம் வந்துடுச்சு, இதுக்குன்னு இனிமே அனுப்பாதீங்க, வேற நெருக்கடிகளுக்குப் பயன்படுத்த அனுமதி கொடுங்க"ன்னு நன்கொடையாளர்களைக் கேட்டாங்க. "இதுக்கு மட்டும்தான்"னு நிபந்தனை போட்டுக் கொடுத்த பணத்தை இன்னொரு இடத்துக்கு மாத்த முடியாது. அதனால நம்பிக்கையான அமைப்புன்னா, "எங்கே தேவையோ அங்கே செலவு பண்ணுங்க"ன்னு நிபந்தனை இல்லாம கொடுக்கிறது நல்லது.

அதே சுனாமி நேரத்துல நாகப்பட்டினத்துல ரோட்டோரம் பழைய துணி மலை மலையா கிடந்ததைப் பத்தி நிறைய பதிவாகியிருக்கு. மானத்தோட வாழ்ந்த மீனவக் குடும்பங்கள் அடுத்தவங்க கிழிஞ்ச சட்டையை வாங்க மறுத்தாங்க. அதைப் பிரிக்க, ஏத்த, அப்புறப்படுத்த நிவாரண வேலை செய்ய வேண்டியவங்க நேரம் போச்சு. பொருள் அனுப்பணும்னா மாவட்ட நிர்வாகமோ களத்துல இருக்கிற அமைப்போ கேட்ட பட்டியலைப் பார்த்து, புதுசா அனுப்புங்க. மத்தபடி பணம்தான் சிறந்தது. ஒரு வீட்டுக்கு மருந்து வேணும், இன்னொரு வீட்டுக்குத் தையல் மெஷின் வேணும். அது அவங்களுக்குத்தான் தெரியும். 2018 வெள்ளத்துல கேரள அரசு பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 10,000 ரூபாயைப் பணமாவே கொடுத்ததும் இந்த யோசனைலதான்.

சரி, டாக்ஸுக்கு வருவோம்

இங்கதான் நிறைய பேருக்கு ஏமாற்றம். புது வரி முறையில இருந்தீங்கன்னா 80ஜி கழிவு கிடையாது. அவ்வளவுதான். 2023-24 முதல் புது முறைதான் டீஃபால்ட். 2025-26-ல இருந்து 12 லட்சம் வரைக்கும், சம்பளக்காரங்களுக்கு 75,000 நிலையான கழிவோட சேர்த்து 12.75 லட்சம் வரைக்கும், வரியே இல்ல. அதனால இதைப் படிக்கிற உங்கள்ல பல பேருக்கு நன்கொடையால ஒரு ரூபாய்கூட வரி குறையாது.

பழைய முறையில இருக்கிறவங்களுக்கு:

- பிரதமர் தேசிய நிவாரண நிதி, பிஎம் கேர்ஸ், முதலமைச்சர் நிவாரண நிதி: கொடுத்ததுல 100% கழிவு, உச்சவரம்பு இல்ல.
- 80ஜி அங்கீகாரம் உள்ள பெரும்பாலான தொண்டு நிறுவனங்கள்: 50% கழிவு. மத்த கழிவுகள் போக மிஞ்சற வருமானத்துல 10% வரைக்குமான நன்கொடைதான் கணக்குல வரும்.

உதாரணமா 30% ஸ்லாப்ல இருக்கீங்க, 10,000 ரூபாய் கொடுக்கறீங்க. முதலமைச்சர் நிதின்னா செஸ் சேர்த்து 3,120 ரூபாய் வரி குறையும். 50% நிறுவனம்னா 1,560 ரூபாய். 20% ஸ்லாப்னா 2,080, 1,040. இந்த ஒரு காரணத்துக்காக மட்டும் பழைய முறைக்கு மாறாதீங்க. பிஎஃப், வீட்டு லோன், வாடகை எல்லாம் போட்டுப் பார்த்து முடிவு பண்ணுங்க.

ஞாபகம் வெச்சுக்க வேண்டிய நாலு விதி:

1. ரொக்கமா 2,000 ரூபாய்க்கு மேல கொடுத்தா கழிவு கிடையாது. யூபிஐ, செக், கார்டுல கொடுங்க.
2. அரிசி, போர்வை, மருந்துன்னு பொருளா கொடுத்தா கழிவு கிடையாது.
3. தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்தா ரசீது மட்டும் போதாது, 10பிஇ சான்றிதழ் வேணும். நிதியாண்டு முடிஞ்சு மே 31-க்குள்ள அவங்க தரணும். உங்க பான் எண்ணைச் சரியா கொடுத்திருக்கணும்.
4. தனிநபருக்கு நேரா கொடுத்தாலோ, வெளிநாட்டு அமைப்புக்கு அனுப்பினாலோ கழிவு கிடையாது.

இன்னொரு விஷயம்: 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ம் வருஷத்து புது வருமான வரிச் சட்டம். பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுது. எல்லாருக்கும் பழகின பேர்ங்கிறதால இங்க 80ஜின்னே எழுதியிருக்கேன்.

ஆபீஸ்ல ஒரு நாள் சம்பளம் பிடிக்கிறாங்க

ஹெச்ஆர் மெயில் வரும்: "மறுப்பு தெரிவிக்காவிட்டால் சம்மதமாக எடுத்துக்கொள்ளப்படும்." இது சரியான வழியில்ல. நன்கொடைக்காகச் சம்பளத்துல பிடிக்கணும்னா உங்க எழுத்துப்பூர்வமான சம்மதம் வாங்கணும். விருப்பம் இருந்தா தாராளமா கொடுங்க. அந்த மாசம் கையில இல்லன்னா "இப்போ முடியல"ன்னு பதில் போடறதுல எந்த அவமானமும் இல்ல.

கம்பெனி எல்லார் பணத்தையும் சேர்த்து ஒரே தொகையா முதலமைச்சர் நிதிக்கு அனுப்பும், ரசீது கம்பெனி பேர்ல வரும். பழைய முறையில இருந்தா உங்க பங்குக்குக் கம்பெனி தர்ற சான்றிதழை வெச்சு கழிவு எடுக்கலாம். ஃபார்ம் 16-லயே அது வந்திருக்கான்னு பாருங்க.

நண்பர்கள் சேர்ந்து வசூல் பண்றீங்களா?

இதைக் கண்டிப்பா படிங்க. ஊர்ல வெள்ளம், நாலு பேர் சேர்ந்து ஒருத்தர் அக்கவுண்ட்ல வசூல் பண்றது சகஜம். ஆனா சொந்தக்காரர் அல்லாதவங்ககிட்ட இருந்து ஒரு வருஷத்துல 50,000 ரூபாய்க்கு மேல இலவசமா பணம் வந்தா, அது வாங்கினவரோட வருமானம்னு சட்டம் பார்க்கும். "அது என் பணம் இல்ல, நிவாரணத்துக்கு வசூல் பண்ணி அப்படியே கொடுத்துட்டேன்"னு நிரூபிக்க வேண்டிய பொறுப்பு உங்களுக்கு. அதனால:

- முடிஞ்சா வசூலே வேண்டாம். எல்லாரையும் நேரா நிதிக்கோ நிறுவனத்துக்கோ அனுப்பச் சொல்லுங்க.
- வசூல் பண்ணியே ஆகணும்னா சம்பள அக்கவுண்ட்ல வேண்டாம், தனி அக்கவுண்ட்ல பண்ணுங்க.
- யார் எவ்வளவு கொடுத்தாங்க, எதுக்குச் செலவாச்சுன்னு ஒரு ஷீட், எல்லா பில்லும் பத்திரமா. கடைசியில கணக்கை அதே குரூப்ல போடுங்க.

ஏமாறாம இருக்க

2020-ல பிஎம் கேர்ஸ் அறிவிச்ச உடனே, நிஜ யூபிஐ முகவரியில ஒரே ஒரு எழுத்தைக் குறைச்சு ஒரு போலி முகவரி வந்துச்சு. அவ்வளவு வேகம். அதனால ஃபார்வர்டுல வந்த க்யூஆர் கோடுல அனுப்பாதீங்க. அரசு நிதின்னா 'ஜிஓவி டாட் இன்'னு முடியற இணையதளத்துக்கு நீங்களே போங்க. ஸ்கேன் பண்ணினதும் திரையில வர்ற பேர் தனிநபர் பேரா இருந்தா நிறுத்துங்க. தொண்டு நிறுவனம்னா வருமான வரித்துறை இணையதளத்துல 80ஜி அங்கீகாரம் இருக்கான்னு தேடிப் பாருங்க. அவங்க ஆண்டறிக்கையும் தணிக்கைக் கணக்கும் வெளியிட்டிருக்காங்களான்னு பாருங்க. "அலுவலகச் செலவே இல்ல, நூறு சதவீதம் மக்களுக்கே"ன்னு சொல்றவங்களை அப்படியே நம்ப வேண்டாம். வண்டி, கிடங்கு, கணக்கர் இல்லாம நிவாரணம் நடக்காது.

இதுக்கு நேர் எதிரான ஏமாத்தும் உண்டு. "ஒரு லட்சம் நன்கொடை கொடுங்க, கமிஷன் போக மீதியை ரொக்கமா திருப்பித் தரோம், ரசீது முழுத் தொகைக்கு"ன்னு வருவாங்க. போலிக் கழிவுகளுக்காக 2025 ஜூலைல வருமான வரித்துறை 150 இடங்கள்ல சோதனை நடத்துச்சு. மாட்டினா வரியோட, அந்த வரியைப் போல ரெண்டு மடங்கு அபராதமும் வரலாம். வேண்டவே வேண்டாம்.

பாதிக்கப்பட்டவங்க உங்க வீட்டுலயே இருந்தா: லோன்

வயநாட்டுல நிவாரணத் தொகை அக்கவுண்ட்ல விழுந்ததும் ஒரு வங்கி அதுலயே இஎம்ஐ பிடிச்சுக்கிட்டது பெரிய சர்ச்சை ஆச்சு. அப்புறம்தான் திருப்பிக் கொடுத்தாங்க. பேரிடர் பகுதிகள்ல லோனை மறுசீரமைக்க, தவணையைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கியோட வழிகாட்டுதல் இருக்கு. ஊர்ல இருக்கிற அப்பா, சித்தப்பா யாராவது பாதிக்கப்பட்டிருந்தா, அவங்க சார்பா இதைச் செய்யுங்க: வங்கிக்கிளைக்கு எழுத்துல விண்ணப்பம் கொடுங்க, முத்திரையோட நகல் வாங்குங்க, நிவாரணத் தொகை லோன் இணைக்காத அக்கவுண்ட்டுக்கு வர்ற மாதிரி விவரம் கொடுங்க. தள்ளிவெச்ச காலத்துக்கும் வட்டி ஓடும்ங்கிறதைச் சொல்லிவையுங்க. பணம் அனுப்பறதைவிட இந்த ரெண்டு மணி நேர வேலை சில சமயம் அதிகம் உதவும்.

என்னோட பரிந்துரை: நிவாரணத்துக்கும் ஒரு எஸ்ஐபி

உணர்ச்சிவசப்பட்டு ஒரே நாள்ல 10,000 அனுப்பிட்டு, மாசக் கடைசியில கிரெடிட் கார்டுல ஓட்டறது சரியான முறை இல்ல. முதல்ல உங்க எமர்ஜென்சி ஃபண்ட், மெடிக்கல் இன்ஷூரன்ஸ் ரெண்டும் இருக்கட்டும். அதுக்கு அப்புறம்:

- மாசம் 400 அல்லது 500 ரூபாய் தனியா ஒரு ஆர்டி அல்லது சேமிப்புக் கணக்குல போகட்டும். வருஷத்துக்கு ஏறக்குறைய 5,000, 6,000 சேரும்.
- பேரிடர் வந்தா, அதுல 40% உடனே கொடுங்க: முதலமைச்சர் நிதி, அல்லது ஏற்கனவே களத்துல இருக்கிற அமைப்பு.
- 30% மூணாவது மாசம் கொடுங்க. காலண்டர்ல இப்பவே ரிமைண்டர் வைங்க. ஸ்கூல், தொழில் சாமான், வாடகைன்னு தேவைப்படுற நேரம் அது.
- 30% ஒரு வருஷம் கழிச்சு. கேமரா எல்லாம் போனதுக்கு அப்புறமும் அங்கேயே வேலை செய்ற அமைப்பு எதுன்னு அப்போ தெளிவா தெரியும்.
- எந்தப் புயலும் வராத வருஷத்துல, செய்தில வராத முகாம்களுக்குக் கொடுங்க.

வெளிநாட்டுல நடக்கிற போருக்கு நேரா அனுப்பணும்னா, ரிசர்வ் வங்கியோட தாராளமய அனுப்புதல் திட்டத்துல நன்கொடையும் அடங்கும். வருஷத்துக்கு எல்லாச் செலவும் சேர்த்து 2,50,000 டாலர் வரம்பு. வங்கி மூலமா, பதிவுள்ள அமைப்புக்கு மட்டும் அனுப்புங்க. முகம் தெரியாத தனிநபர் அக்கவுண்ட்டுக்கு அனுப்பினா அந்தப் பணம் யார் கைக்குப் போகும்னு உங்களுக்குத் தெரியாது, சட்டச் சிக்கல் மட்டும் உங்களைத் தேடி வரும்.

கடைசியா ஒண்ணு. போன தடவை நீங்க கடைசியா நன்கொடை கொடுத்த ஊர் எதுன்னு யோசிச்சுப் பாருங்க. இன்னிக்கு அங்க நிலைமை என்னன்னு ஒரு பத்து நிமிஷம் தேடிப் படிங்க. இன்னும் யாராவது வாடகை வீட்டுலயோ முகாம்லயோ இருந்தா, உங்க ரெண்டாவது தவணையை அங்கேயே அனுப்பலாம்.

உங்க ஆபீஸ்ல நிவாரணத்துக்கு எப்படிப் பிடிக்கிறாங்க, சான்றிதழ் ஒழுங்கா வந்துச்சா? கமெண்ட்ல சொல்லுங்க. 10பிஇ-ஐ ரிட்டர்ன்ல எப்படிப் போடணும்னு அடுத்த வீடியோல ஸ்கிரீன்லயே காட்டுறேன். சந்திப்போம்!